நாற்பத்தேழு

ஜமீலா டெக்ஸ்டைல்ஸ் இடம் மாறிவிட்டது.
அதே லெபோ பாசார்தான்,
எதிர்ச் சாரிக்கு, கொஞ்சம் மேலே.
பழைய முதலாளியின் மகன் போன் செய்தார்:
"அக்கா, பாட்டு முழுசும் வேண்டாம்.
நம்பரை மட்டும் பாடித் தந்தால் போதும்."

பத்தொன்பது வருஷத்துக்கு முன்
டத்தோ கெராமாட் ரோட்டில்
ஒரு கோப்பிக் கடையின் மாடியில்
முட்டை அட்டை ஒட்டிய அறையில் நின்று
இருபத்திரண்டு விநாடி பாடினேன்.

    சட்டைக்கு ஜமீலா, சேலைக்கும் ஜமீலா,
    லெபோ பாசார், எண் பன்னிரண்டு!
    வாங்க, வாங்க, வந்து பாருங்க!

கீழே குவே தியாவ் பிரட்டும் கரண்டி
ஒவ்வொரு டேக்கிலும் வந்து விழுந்தது.
பதினோராவதில் பிரட்டுகிறவர்
சிகரெட் பிடிக்க வெளியே போனார்.
அதுதான் ஓகே ஆனது.
கூலி நூற்றிருபது வெள்ளி, ஒரு ரவிக்கைத் துண்டு.
தைக்கக் கொடுத்தேன்,
கைக்குப் பத்தாது என்று திருப்பித் தந்தாள் தையல்காரி.

அதற்குப் பிறகு
நான் எங்கே இருந்தேனோ, அது அங்கே வந்தது.
கல்யாணத்துக்கு மாலை வாங்கப் போன காரில்.
பிரசவ வார்டில், பக்கத்துக் கட்டிலின் ரேடியோவில்.
தைராய்டு கட்டியை அறுத்து எடுத்தார்களே,
குரல் ஒரு படி இறங்கி
அங்கேயே குடியிருந்துவிட்டதே,
அந்தத் தீபாவளிக்கும் வந்தது,
ஒரு படியும் இறங்காமல்.

பாயான் லெப்பாஸ் பேக்டரியில்
என்னோடு நைட் ஷிப்ட் பார்க்கும் மாலதேவி
நம்பவில்லை. "நீயா? எங்கே, பாடு."
முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுப் பாடினேன்.
"பரவாயில்லையே," என்றாள்,
"கிட்டத்தட்ட அதே மாதிரி பாடுறியே."

இப்போது ஸ்டூடியோ என்பது
ரெலாவ் பிளாட்டில் ஒரு படுக்கையறை.
கவிநேசனுக்கு வயசு இருபத்து மூன்று இருக்கும்.
"சின்னப் பிள்ளையில் எண்ணிப் படிக்கிறப்ப,
பதினொன்றுக்கு அப்புறம் ஜமீலான்னு சொல்வேனாம்க்கா,
அம்மா இன்னும் சிரிப்பாங்க" என்றபடி
ஹெட்போனை என் தலையில் மாட்டினான்.

அவள் வந்தாள்.
சட்டை, சேலை, எல்லாம் தாண்டி
'எண்' என்று சொல்லி நிறுத்தினாள்.
அடுத்தது ஒரு குழி. அதில் நான் குதிக்க வேண்டும்.
பன்னிரண்டுக்கும் நாலு தட்டு,
நாற்பத்தேழுக்கும் நாலு தட்டு,
தாளம் இடிக்காது என்று சொல்லியிருந்தான்.
மூன்று தடவை தவறவிட்டேன்.
குழிக்கு முன்னால் அவள் மூச்சு இழுக்கிறாள்.
இத்தனை வருஷம் எனக்கு அது கேட்டதில்லை.
அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன்.

நாலாவது தடவை பாடினேன்.
சுட்டியை அசைத்து
என் குரலைக் கொஞ்சம் மேலே தூக்கினான்.
"ஒட்டினதே தெரியாதுக்கா."
போனில் இருநூறு வெள்ளி
டிங் என்று வந்து விழுந்தது.

தீபாவளிக்கு நான்கு நாள்.
லெபோ பாசாரில் குடை மடக்க இடமில்லை.
ஒலிபெருக்கியில் இருபத்திரண்டு வயதுக்காரி
கூவிக்கொண்டு வருகிறாள்,
நடுவில் நாலு தட்டு நாற்பத்தொரு வயசு ஆகிறாள்,
உடனே சுதாரித்துக்கொண்டு
வாங்க வாங்க என்கிறாள்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
முறுக்கு விற்கிறவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

பழைய பன்னிரண்டில் இப்போது
போன் கவர் விற்கிறார்கள்.
வாசலில் ஓர் அம்மா,
கையில் இரண்டு பிள்ளைகள், கக்கத்தில் பை,
என்னைப் பார்த்துக் கேட்டார்:
"ஜமீலா இங்கதானே இருந்துச்சு?"

"மாறிட்டாங்க. நாற்பத்தேழு" என்றேன்,
யாரும் தூக்கிவிடாத குரலில்.

"அப்படியா? இப்பகூடப் பாட்டுல
பன்னிரண்டுன்னுதானே பாடுது" என்றார்.
பிள்ளைகளை இழுத்துக்கொண்டு
மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே புகுந்து
எதிர்ச் சாரிக்குப் போனார்.
பார்த்துக்கொண்டே நின்றேன்,
கதவு கதவாக
எண்ணைத் தேடிக்கொண்டு போனார்.